அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும்

பெருநகரத்தில் அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சமையலறையின் அளவிலும் தரையின் பளபளப்பிலுமே கண்ணாக இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் குறைகளை, குடியேறிய பிறகு நாமே செலவு செய்து சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கூரை, தூண், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கையிருப்பு ஆகியவற்றைத் தனியொருவரால் ஒன்றும் செய்ய முடியாது. அரசு வீட்டுவசதி அமைப்பு கட்டியதானாலும் தனியார் கட்டியதானாலும் இதில் வேறுபாடு இல்லை. ஆகவே வீட்டுச் சாவியைக் கேட்பதற்கு முன்பு மொட்டை மாடிச் சாவியைக் கேளுங்கள். முடிந்தால், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள்.

மொட்டை மாடியில் தண்ணீர் எங்கெங்கே தேங்கி நிற்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தளத்தின் வாட்டம் சரியாக இருந்தால் மழைநீர் வடிகுழாயின் வாயை நோக்கித் தானே ஓடிவிடும். வாட்டம் தவறிய இடத்தில் குட்டையாக நின்று, பாசி பிடித்து, காய்ந்த பிறகும் கறுப்பு வட்டமாகத் தடம் விட்டிருக்கும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் விரிசல் ஓடியிருக்கிறதா என்றும், மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு ஒரு மாடி இறங்கி, மேலே குட்டை கண்ட இடத்துக்கு நேர் கீழே உள்ள உட்கூரையைப் பாருங்கள். புதிதாக வண்ணம் அடித்திருந்தாலும், கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், அல்லது வண்ணம் கொப்புளித்திருக்கும்.

படிக்கட்டின் அடிப்புறம், வண்டி நிறுத்துமிடத்தின் கூரை, பால்கனியின் அடிப்பகுதி ஆகியவை பெரும்பாலும் பூசி மறைக்கப்படாமல் இருக்கும். கட்டடத்தின் உண்மையான நிலை அங்கேதான் தெரியும். கான்கிரீட்டுக்குள் ஈரம் போனால் கம்பி துருப்பிடிக்கிறது. துருவோ இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், அது உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடுகிறது. பெயர்வதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். தூணை ஒரு சாவியின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கெட்டியான ஓசையும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொள்ளலான ஓசையும் கேட்கும். வெறும் பூச்சு மட்டும் விட்டிருந்தாலும் இந்த ஓசை வரும் என்பதால், அத்தகைய இடங்களைக் குறித்துவைத்துக் கட்டுமானப் பொறியாளரிடம் காட்டுவதே சரி.

சுவர்ப் பூச்சில் முடி போல ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருபவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தூணில் கம்பியின் போக்கிலேயே நெடுக ஓடும் வெடிப்பும், உத்திரம் தூணில் அமரும் இடத்துக்கு அருகே சாய்வாக ஓடும் வெடிப்பும் அப்படிப்பட்டவை அல்ல. ஏற்கெனவே குடியிருப்பவர்கள், வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதிவைத்தால், அது வளர்கிறதா இல்லையா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

கீழ்த்தளத்தில் தரைத் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும் எவ்வளவு அருகருகே இருக்கின்றன என்று பாருங்கள். லிஃப்ட் ஒவ்வொரு தளத்திலும் தரைமட்டத்தோடு சரியாக நிற்க வேண்டும். படிக்கட்டில் செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், அட்டைப் பெட்டி எதுவும் வழியை அடைக்கக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள். லண்டனில் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் டவர் என்ற பொதுக் குடியிருப்பில் 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் பொருத்தியிருந்த பலகைகள் வழியாகத் தீ ஏறியது. அத்தனை குடும்பங்களுக்கும் இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு.

கடைசியாக, சங்கத்தின் வரவு செலவுக் கணக்கையும் கூட்டத் தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். இதைத்தான் பலரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் சர்ஃப்சைடு நகரில் 2021 ஜூன் 24 அன்று 12 மாடிக் குடியிருப்பொன்றின் பெரும்பகுதி இடிந்து 98 பேர் உயிரிழந்தனர். நீச்சல்குளத்தை ஒட்டிய தளம் வாட்டமின்றிக் கட்டப்பட்டதால் தண்ணீர் தேங்கி, கீழுள்ள கான்கிரீட் பெரிதும் சேதமடைந்திருப்பதாக 2018-ஆம் ஆண்டிலேயே ஒரு பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் பணத்தை உரிமையாளர்களிடம் திரட்டுவது பற்றிய வாக்குவாதத்திலேயே காலம் போயிற்று. சிங்கப்பூரின் பொதுக் குடியிருப்புகளில், மாதக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பெரிய பழுதுகளுக்கான தனி நிதியில் போட்டுவைக்க அவற்றைப் பராமரிக்கும் நகர மன்றங்களைச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது.

நீங்கள் பார்க்கும் குடியிருப்பில் அப்படியொரு நிதி இருக்கிறதா, எத்தனை வீடுகளில் பராமரிப்புக் கட்டணம் நிலுவை, பொறியாளரின் அறிக்கை ஏதேனும் கிடப்பில் கிடக்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்துவிடுங்கள். பராமரிப்புக் கட்டணம் மிகக் குறைவு என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், கடைசியாக வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்ததும் மொட்டை மாடித் தளத்தைப் புதுப்பித்ததும் எப்போது என்று அவரிடம் கேளுங்கள். கணக்கைக் காட்ட மறுத்தால், காட்டும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.