கிளினிக்கில் கூட்டம் இருக்கிறது, லாபம் இருக்கிறதா? ஆறு படிகளில் கணக்குப் பார்க்கலாம்

காத்திருப்பு அறையில் உட்கார இடமில்லை, வங்கியிலும் பணம் கிடக்கிறது. இந்த இரண்டை மட்டும் வைத்து ஒரு கிளினிக் நன்றாக நடக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. டாக்டர் தாமதமாக வந்தாலும் கூட்டம் சேரும். வங்கியில் இருக்கும் பணம் அடுத்த வாரச் சம்பளத்துக்கும் மருந்து சப்ளையருக்கும் போகவேண்டியதாக இருக்கலாம். சிகிச்சை தந்த நாளுக்கும் அதற்கான பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கவேண்டும். கணக்கியல் படிப்பு தேவையில்லை, ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.

படி 1: தாள்களைத் திரட்டுங்கள்

கடந்த 12 மாதங்களுக்கான பில் தொகை, வசூல், நிலுவை, செலவு, அப்பாயின்ட்மென்ட் விவரம். எல்லாம் மாதவாரியாக வேண்டும். காய்ச்சல் பரவும் மாதமும் ஆள் வராத மாதமும் கலந்து இருந்தால்தான் சராசரிக்கு அர்த்தம் உண்டு.

படி 2: பில் வேறு, வசூல் வேறு

பில் 100 போட்டீர்கள். காப்பீட்டு நிறுவனத்துடன் பேசிய ஒப்பந்த விலை 70. வந்தது 63. இங்கே 63-ஐ 100-ஆல் வகுத்துப் பயனில்லை, அந்த 30 எப்போதுமே வரப்போவதில்லை. 63-ஐ 70-ஆல் வகுத்தால் 90 சதவீதம். இதுதான் நிகர வசூல் விகிதம். 95-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது பொதுவான அளவுகோல்.

இதில் ஒரு பொறி உண்டு. வசூலாகாத பழைய பில்களையும் 'தள்ளுபடி' என்று எழுதி மூடிவிட்டால் விகிதம் அழகாகத் தெரியும். அதனால் தள்ளுபடியை மூன்றாகப் பிரியுங்கள்: ஒப்பந்தப்படி குறைத்தது, டாக்டர் மனமுவந்து விட்டுக்கொடுத்தது, துரத்தாமல் கைவிட்டது. மூன்றாவது வகை பெருத்துக்கொண்டே போனால் நோய் அங்கேதான்.

படி 3: நிலுவைக்கு வயது போடுங்கள்

மூன்று மாதத்தில் மொத்த பில் 9,00,000 என்று வைத்துக்கொள்வோம். 90 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 10,000. இன்று வரவேண்டிய நிலுவை 4,50,000 என்றால், 45 நாள் உழைப்புக்கான பணம் வெளியே நிற்கிறது. நோயாளிகள் கட்டிய முன்பணத்தை இந்த நிலுவையிலிருந்து கழித்துவிடாதீர்கள். கழித்தால் உண்மையான நிலுவை குறைவாகத் தெரியும்.

அடுத்து அந்த 4,50,000-ஐ 0-30, 31-60, 61-90, 90-க்கு மேல் என்று நாள் கணக்கில் பிரியுங்கள். பழசாகப் பழசாக வசூலாகும் வாய்ப்பு குறையும். சராசரி 45 நாளாகவே இருந்தாலும், அதில் பாதி 90 நாளைத் தாண்டியதென்றால் அது கவலைப்படவேண்டிய கிளினிக்.

காப்பீட்டு கிளெய்ம்கள் திரும்பி வருகின்றனவா? காரணவாரியாக அடுக்குங்கள். பாலிசி எண் தவறு, முன் அனுமதி வாங்கவில்லை, நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு பொருந்தவில்லை, கெடு தாண்டி அனுப்பியது. இவற்றில் முதல் இரண்டையும் நோயாளி உள்ளே வரும்போதே ரிசப்ஷனில் சரிசெய்திருக்கலாம். பில்லிங் ஆளைத் திட்டுவதற்குமுன் இதைப் பாருங்கள்.

படி 4: டாக்டருக்கும் சம்பளம் எழுதுங்கள்

சொந்த கிளினிக் என்றால் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அதே வேலைக்கு வேறொரு டாக்டரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதைச் செலவில் சேருங்கள். சொந்தக் கட்டடமா? வாடகையையும் சேருங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் லாபம். 'லாபத்தில்தான் ஓடுகிறது' என்ற நம்பிக்கை பல இடங்களில் இந்த ஒரு வரியில் கரைந்துபோகும்.

பிறகு சமநிலைப் புள்ளி, அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும் இடம். மாத நிலைச்செலவு (நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவு) 3,00,000, ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக வருவது 500, அவருக்கென ஆகும் பொருட்செலவு 100 என்றால், 3,00,000-ஐ 400-ஆல் வகுக்கவேண்டும். மாதம் 750 பேர். 25 வேலைநாள் என்றால் நாளைக்கு 30 பேர். அதற்குக் கீழே போகும் மாதம் நஷ்டம்.

படி 5: கடிகாரத்தையும் பாருங்கள்

இன்று போன் செய்து, காலியாக இருக்கும் மூன்றாவது அப்பாயின்ட்மென்ட் எப்போது என்று பாருங்கள். முதல் இடமும் இரண்டாவது இடமும் யாரோ ரத்துசெய்ததால் தற்செயலாகக் கிடைத்திருக்கலாம், மூன்றாவதுதான் நிலவரத்தைச் சொல்லும். அது வாரக்கணக்கில் தள்ளியிருக்க, அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர்களில் பலர் வராமலும் போகிறார்கள் என்றால், இரண்டுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் காத்திருப்பவர் மறந்துவிடுவார், அல்லது வேறு டாக்டரிடம் போய்விடுவார்.

ஒரு வாரம் மட்டும் ஒவ்வொரு நோயாளியும் வந்த நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் குறித்துவையுங்கள். புதிதாக ஆள் எடுப்பது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

படி 6: பணம் யார் கையில்?

பணம் வாங்குபவர், வங்கியில் கட்டுபவர், கணக்கு எழுதுபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சிறிய இடத்தில் மூன்று பேர் கிடைக்கமாட்டார்கள்தான். அப்போது ரத்துசெய்த பில்கள், தள்ளுபடி செய்த பில்கள் இரண்டின் பட்டியலையும் வாரம் ஒருமுறை டாக்டரே வாங்கி, அன்றன்றைய நோயாளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். மிக நம்பிக்கையான ஊழியர் என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிற்பாடு ஏதாவது குறைந்தால், அவர்மேல் சந்தேகம் விழாமல் காப்பதும் இந்தக் கையெழுத்துதான்.