செர்ரிப் பூ பார்க்க ஜப்பான் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'பூக்க ஆரம்பித்துவிட்டது' என்ற செய்தியைப் பார்த்த அன்றே கிளம்பிவிடாதீர்கள். டோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் இதற்கென்றே ஒரு மரம் இருக்கிறது. அதில் 5, 6 பூ விரிந்தாலே வானிலைத் துறை அறிவித்துவிடும். மரம் நிறையப் பூக்க அதற்கப்புறம் ஒரு வாரம்போல ஆகும். அந்த நேரத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் மளமளவென்று கொட்டிவிடும். நகரங்களில் அதிகம் இருப்பது சோமெய் யோஷினோ வகை. எல்லாம் ஒட்டுப்போட்டு வளர்த்த ஒரே மரத்தின் வாரிசுகள் என்பதால், ஓர் ஊரில் ஏறக்குறைய ஒன்றாகவே பூத்து ஒன்றாகவே உதிரும்.

போன வருடத் தேதியை நம்பி விடுதி பதிவு செய்வதும் ஆபத்து. 2021-ல் கியோட்டோவில் மார்ச் 26-லேயே முழுப்பூப்பு வந்துவிட்டது. அதுவரையிலான 1200 ஆண்டுக் குறிப்புகளில் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

இதைவிடப் பெரிய தவறு, ஓர் ஊரில் பூ உதிர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று திரும்பிவிடுவது. பூப்பு வடக்கு நோக்கி நகரும். ஹிரோசாகி கோட்டையில் ஏப்ரல் பிற்பகுதியில்தான் களைகட்டும், ஹொக்கைடோவில் மே தொடக்கம்வரை பார்க்கலாம். நாரா பக்கத்து யோஷினோ மலையில் அடிவாரத்தில் தொடங்கி உச்சிக்கு ஏறும் என்பதால், கீழே தவறவிட்டதை மேலே பிடிக்கலாம். டோக்கியோவை விட்டு நகர முடியாதா? சரி, ஷின்ஜுகு கியோயென் பூங்காவுக்குப் போங்கள். பிந்திப் பூக்கும் அடுக்குப்பூ வகைகள் அங்கே நிறைய. ஆனால் மது பாட்டிலோடு போகாதீர்கள், அங்கே அதற்குத் தடை. யுவேனோ பூங்காவில் பிளாஸ்டிக் விரிப்பில் குடித்துக் கொண்டாடுவதைப் பார்த்துவிட்டு, எல்லா இடமும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

விரிப்பில் செருப்போடு ஏறக்கூடாது. அதை மரத்தின் வேர்மேல் விரிக்கவும் கூடாது. இந்த மரத்துக்கு வேர் மேலாகவே ஓடும், மண் இறுகினால் மரம் நலியும். பூவைக் கண்டதும் பறிக்க நீளும் நம் கையையும் கொஞ்சம் அடக்க வேண்டும். இதழ் மழையில் படம் எடுக்கிறேன் என்று கிளையை உலுக்குவது அதைவிட மோசம். குப்பைத்தொட்டியை நம்பாமல் ஒரு பையைக் கையோடு கொண்டு போங்கள்.

வசந்தம்தானே என்று மெல்லிய சட்டையோடு இரவுப் பூ பார்க்கப் போகிறவர்களும் உண்டு. ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கியோ இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது சகஜம்.