அக்டோபர் ஏரியில் ஆகஸ்ட் மாதிரி தூண்டில் போடாதீர்கள்

இங்கிலாந்தில் ட்ரௌட், சால்மன் வகைகளை விட்டால் மற்ற நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதற்குக் கோர்ஸ் ஃபிஷிங் என்று பெயர். கெண்டை, ரோச், பெர்ச், பைக் எல்லாம் இதில் அடக்கம். கோடையில் இரண்டு மூன்று முறை போய் நன்றாகப் பிடித்துவிட்டு, அதே கையோடு அக்டோபரில் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான்.

முதல் தவறு, இரையை அள்ளிக் கொட்டுவது. மீன் குளிர் ரத்தப் பிராணி, தண்ணீர் குளிர்ந்தால் அதன் செரிமானமும் மந்தமாகிவிடும், பசியும் குறையும். என் முதல் அக்டோபரில், காலை எட்டு மணிக்கே இரண்டு டின் ஸ்வீட்கார்னை ஒரே இடத்தில் வீசிவிட்டு, மதியம் வரை மிதவையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது அசையவே இல்லை. தண்ணீரில் போட்டதைத் திரும்ப எடுக்கவா முடியும்? இப்போதெல்லாம் உண்டிவில்லில் வைத்துப் பத்துப் பதினைந்து மேகட் (ஈயின் புழு) மட்டும்தான் அடிக்கிறேன். கடி விழுந்தால் இன்னொரு பத்து, விழாவிட்டால் பேசாமல் இருப்பது.

அடுத்தது இடம். காற்று முகத்தில் அடிக்காத கரையாகப் பார்த்து உட்காருவது நம் வசதிக்கு, மீனுக்கு இல்லை. தென்மேற்கிலிருந்து மிதமான காற்று ஒன்றிரண்டு நாள் வீசினால், மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரையும் மிதக்கும் இரையையும் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும், மீனும் பெரும்பாலும் பின்னாலேயே போகும். அப்போது காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்காரத்தான் வேண்டும். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ குளிர்காற்று வந்தால் கதை தலைகீழ், காற்று படாத மூலையைத் தேடுங்கள். சிக்கல் என்னவென்றால், இந்த மாதத்தில் காலையில் மூடுபனி, பதினொரு மணிக்குக் காற்று, இரண்டு மணிக்கு மழை, அப்புறம் பளிச்சென்று வெயில் என்று ஒரே நாளில் எல்லாம் வரும். வீட்டையே காலி செய்து கொண்டுவந்தது போல மூட்டை முடிச்சோடு வந்தால் இடம் மாறவே மனசு வராது. ஒரு மடக்கு நாற்காலி, ஒரு பை, இரண்டு தூண்டில், போதும்.

கோடையில் மேலே மேய்ந்த மீன் இப்போது கீழே இறங்கியிருக்கும், எனவே ஆழத்தை அளக்காமல் மிதவையைக் கட்டாதீர்கள். தூண்டில் முள்ளில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டு அளக்க இரண்டு நிமிடம் ஆகாது. முள் கறுத்த இலையோடு திரும்பி வந்தால் அடியில் இலைக்குப்பை கிடக்கிறது, உங்கள் இரை அதில் புதைந்துபோகும், சற்றுத் தள்ளிப் போடுங்கள். காற்றில் தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து மிதவையை இழுத்துக்கொண்டு போனால், வேக்லர் என்ற நீள மிதவையின் அடிமுனையில் மட்டும் நரம்பைக் கட்டி, வீசியதும் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி நாலு சுற்று வேகமாகச் சுற்றுங்கள், நரம்பு மூழ்கிவிடும்.

ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள், நனைந்தால் மாலை வரை காயாது. இடி கேட்டால் கம்பைக் கீழே வைத்துவிட்டு நேராகக் காருக்குப் போங்கள், மரத்தடிக்கு அல்ல. கார்பன் கம்பில் மின்சாரம் பாயும்.

ஏரிக்காரரிடம் டிக்கெட் வாங்கியாயிற்றே, பிறகென்ன என்று நினைப்பதும் தவறு. 13 வயது ஆனவர்களுக்கு அரசின் தூண்டில் உரிமமும் வேண்டும் (16 வயது வரை இலவசம்), இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் விழலாம். அப்புறம், பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்றால் நம் ஆட்களுக்கு வயிறு எரியும்தான், ஆனால் இங்கே ஏரிக்காரர் அனுமதியில்லாமல் ஒரு ரோச்சைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. குழம்பு ஆசை இருந்தால் வரும் வழியில் மீன் கடைக்குப் போங்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனுக்கென்றே உள்ள மெத்தையை ஈரமாக்கி அதன் மேல் மீனை வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள் இல்லாவிட்டால் சுலபமாக வந்துவிடும்.

மதியம் மழையில் நனைந்த கடுப்பில் மூன்று மணிக்கே மூட்டை கட்டுகிறவர்கள்தான் எனக்குப் பாவமாகத் தெரிகிறார்கள். பல நாட்களில் ரோச்சும் பெர்ச்சும் கடிக்கத் தொடங்குவதே வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், தலையில் மாட்டும் டார்ச்சைக் காரிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.