ஸ்பானிஷ் பேசுபவருக்கு ஆங்கில மெய்யொலிகள்: கற்பிக்கத் தொடங்குபவருக்கு

'தலை' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'அது' என்று சொல்லுங்கள். எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. 'தலை'யில் நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டு விடுபடுகிறது. 'அது'வில் பல்லைத் தொட்டும் தொடாமலும் காற்று நழுவுகிறது. நாள் முழுதும் இதைச் செய்கிறோம், ஆனால் கவனிப்பதில்லை.

ஸ்பானிஷ் பேசுபவர்களும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலிகளில் பல அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. இணையவழியில் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் அந்த ஒலிகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் படி: மாணவரின் ஊரைக் கேளுங்கள். மாட்ரிட்காரர் 'நன்றி' சொல்லும்போது, 'கிராத்தியாஸ்' என்று நாக்கை பற்களுக்கு இடையில் வைத்துக் காற்றை விடுவார். 'திங்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி அதுவேதான். மெக்சிகோவிலும் பெருவிலும் அது 'கிராசியாஸ்'. அவர்களுக்கு அந்த ஒலியைப் புதிதாகத்தான் கற்றுத்தர வேண்டும். புவெனஸ் அயர்ஸ்காரர் தெருவை 'காஷே' என்பார். ஆகவே அவருக்கு 'ஷ' கைவசம் இருக்கிறது. மற்றவர்களில் பலர் 'ஷூ' என்பதை 'ச்சூ' என்பார்கள்.

இரண்டாம் படி: 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற ஆங்கிலச் சொல், இவர்கள் வாயில் 'டே' போல, பகலைக் குறிக்கும் சொல்லாகிவிடும். திருத்த வேண்டாம். ஸ்பானிஷில் 'ஒன்றுமில்லை' என்பதற்கான 'நாதா'வைச் சொல்லச் சொல்லுங்கள். அதன் நடுவில் இருப்பது நம் 'அது'வில் உள்ள அதே மெல்லிய ஒலி. அடுத்து 'நாதே', 'நாதே' என்று பலமுறை. பிறகு 'நா'வை மனத்துக்குள் மட்டும் சொல்லி, 'தே'யை வெளியே விடச் சொல்லுங்கள். வந்துவிடும்.

மூன்றாம் படிக்கு நேரம் கொடுங்கள், இதுதான் கடினம். ஆங்கிலத்தில் படகுக்கு 'போட்', வாக்குக்கு 'வோட்'. ஸ்பானிஷ்காரர் காதுக்கு இரண்டும் ஒன்று, ஏனெனில் அவர்கள் மொழியில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் ஒரே ஒலி. எழுத்துக்கூட்டும்போது 'பூர்ரோவின் பே', 'பாக்காவின் பே' என்று பிரித்துச் சொல்வார்கள். கழுதையின் எழுத்து, பசுவின் எழுத்து. நாம் 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்கிறோமே, அதே தேவைதான்.

இங்கே உதவிக்கு வருவது 'கஃபே'. 'ஃப' அவர்களிடம் இருக்கிறது. கண்ணாடியைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். மேற்பற்கள் கீழுதட்டில் படும்படி 'ஃப்ஃப்ஃப்' என்று நீட்டட்டும். இன்னொரு கை தொண்டையில் இருக்கட்டும். பல்லை நகர்த்தாமல் குரலை மட்டும் சேர்த்தால் தொண்டை அதிரும், உதடு கூசும். அதுதான் 'வோட்'டின் முதல் ஒலி. கண்ணாடியில் இரு உதடுகளும் ஒட்டினால் அது மறுபடியும் படகு. ஓர் எச்சரிக்கை: நம் தமிழ் 'வ'வும் பல்லை அழுத்தமாகப் பயன்படுத்துவதில்லை. முதலில் உங்கள் வாயைக் கண்ணாடியில் பாருங்கள்.

நான்காம் படி: பரிசைக் குறிக்கும் 'ப்ரைஸ்' தேனீபோல் ரீங்கரித்து முடிய வேண்டும். விலையைக் குறிக்கும் 'ப்ரைஸ்' வெறும் சீற்றம். இவர்கள் இரண்டையும் சீற்றமாகவே முடிப்பார்கள். 'அதே' என்று பொருள்படும் 'மிஸ்மோ'வை மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து வரும் 'ம'வின் அதிர்வு பலருக்கு 'ஸ்' மீதும் ஏறிக்கொள்ளும். அந்த இடத்தில் நிறுத்தி நீட்டினால் தேனீ கிடைக்கும்.

ஐந்தாம் படி: 'ஸ்கூல்' இவர்கள் வாயில் 'எஸ்கூல்'. பள்ளிக்கு அவர்கள் சொல் 'எஸ்குவேலா', நிலையத்துக்கு 'எஸ்தாசியோன்'. 'இஸ்கூல்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத சங்கதியல்ல. பாம்புபோல் இரண்டு விநாடி 'ஸ்ஸ்ஸ்' என்று சீறி, பிறகு 'கூல்' சேர்க்கட்டும். சீற்றத்தை நாளுக்கு நாள் குறைத்தால் போதும்.

கடைசிப் படி எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பானிஷ் தன் சொந்தச் சொற்களை 'ம்' என்று முடிப்பதில்லை. நம் விவிலியத்தில் ஆதாம், எருசலேம், பெத்லகேம் என்று இருப்பவை அவர்களிடம் ஆதான், ஹெருசலேன், பெலேன். ஆகவே 'ஃப்ரம்' என்பது 'ஃப்ரன்' ஆகும். 'கொஞ்சம்' என்பதற்கு அவர்கள் எழுதுவது 'உன் போக்கோ'. பேசும்போது, வரும் 'ப'வுக்காக உதடுகள் முன்கூட்டியே மூடி, 'உம் போக்கோ' ஆகிவிடுகிறது. மெக்சிகோ மாணவி ஒருவரை அதைச் சொல்லச் சொல்லி, உதடு மூடிய கணத்தில் கையைக் காட்டி நிறுத்தினேன். 'உம்ம்ம்' என்று மூடிய வாயோடு திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புருவம் உயர்ந்தது. வாயைத் திறக்காமலே தலையசைத்தார்.