இடுப்பில் டிஸ்க் சத்திரசிகிச்சை செய்தவர்கள் மலைநாட்டு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள்

இடுப்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கண்டியிலிருந்து தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குத் திரும்பும் ஒருவருக்கு அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் புத்திமதி, மூன்று மாதம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதுதான். அக்கறையோடு சொல்லப்பட்டாலும் அது தவறு. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் பிதுங்கியதால் அதன் ஒரு பகுதியை மட்டும் அகற்றியவர்களைப் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்கவைக்கிறார்கள். எலும்புகளைத் திருகாணி வைத்து இணைத்திருந்தால் இங்கே சொல்லும் காலங்கள் எல்லாம் நீளும்; ஆகவே உங்கள் வைத்தியரும் இயன்மருத்துவரும் சொல்லியனுப்பியதே முதன்மையானது.

படுக்கையிலிருந்து நேரே நிமிர்ந்து எழக்கூடாது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும்படி உடம்பை ஒரே கட்டையாக ஒருபக்கம் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். பாயில் படுத்துப் பழகியவர்களும் சில வாரங்களுக்குக் கட்டிலுக்கு மாறுவது நல்லது. குந்தும் கழிப்பறைக்கு மேல், நடுவில் துளையிட்ட கதிரை ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

படுத்திருக்கும் நேரத்தில் பாதங்களை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து குறையும். அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல், 5 விநாடி வைத்திருந்து விடுவதைப் பத்துத் தடவை செய்யலாம். நுவரெலியாப் பக்கத்துக் காலைக் குளிரில் உடம்பு விறைத்திருக்கும்; சுவெட்டரைப் போட்டு, தேநீர் குடித்த பிறகு தொடங்கினால் போதும், யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை.

ஆனாலும் முதல் வாரங்களின் முக்கியமான பயிற்சி நடைதான். இஸ்தோப்பிலோ வாசலிலோ ஐந்து நிமிடம் வீதம் நாளுக்கு நான்கைந்து தடவை நடந்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஓரிரு நிமிடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். லயத்துக்கு மேலும் கீழும் போகும் கற்படிகளில் மழைக்காலத்தில் பாசி பிடித்திருக்கும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கால் வழுக்குகிறது, இடுப்பும் திடீரெனக் குலுங்குகிறது. ஆகையால் சமதரை கிடைக்கும் இடத்திலேயே திரும்பத் திரும்ப நடப்பதும், மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடப்பதும் மேல். நடந்த பிறகு கால்வலி கீழ்நோக்கி இறங்கினாலோ மறுநாளும் தணியாவிட்டாலோ, முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும். முழங்கால்களை மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்குவது போன்ற வலுவூட்டும் பயிற்சிகளைப் பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்குப் பிறகு இயன்மருத்துவர் கற்றுக்கொடுப்பார்.

பீலித் தண்ணீர் பிடிக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் 5 லீட்டர் கேனே ஐந்து கிலோ ஆகிவிடுகிறது. ஆரம்ப வாரங்களில் அதுவே அதிகம்.

சிறுநீர் கழிக்க முடியாமற்போதல், தொடையிடுக்கும் மலவாயைச் சுற்றியுள்ள இடமும் மரத்துப்போதல், பாதம் தொங்கிப்போதல், காய்ச்சலோடு காயத்திலிருந்து சீழ் வடிதல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்சை வரவழையுங்கள். காயத்தில் எண்ணெய் தடவவே கூடாது.

கொழுந்து பறிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தலைக்கயிற்றில் கூடை தொங்க, குனிந்து, பக்கவாட்டில் திரும்பிப் பறிக்கும்போது, சத்திரசிகிச்சைக்குப் பின் விலக்கப்பட்ட குனிதல், முறுக்குதல், சுமத்தல் மூன்றும் ஒரே வேலையில் சேர்ந்துவிடுகின்றன. பலருக்கு 12 வாரம்வரை, சிலருக்கு அதற்கும் மேலாக இவ்வேலை ஆகாது. காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டில் வாய்ச்சொல்லாகச் சொல்வதைவிட, இலகு வேலை தரும்படி கிளினிக்கில் கடிதம் எழுதி வாங்கித் தோட்டத்து அலுவலகத்தில் கொடுப்பது பயனுள்ளது. வைத்தியர் அனுமதித்த பின்னும் முதலில் வெறுங்கூடையோடு சமதரையில் நடந்து பார்த்து, இடுப்பு தாங்குகிறதா என்று அறிந்த பிறகே மலைக்கு ஏறுங்கள்.