பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால்

பழைய டூவீலரில் ஹாரன் தொண்டை கட்டினமாதிரி ஒலித்தாலே போதும், பலர் நேராகக் கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அப்பாவின் வண்டிக்கு நாங்களும் ஒரே வருஷத்தில் இரண்டு வாங்கினோம். இரண்டும் இறங்கிப்போயின. கோளாறு பேட்டரியில் இல்லை, அதற்குப் போகும் சார்ஜைச் சீராக்கும் ஆர்.ஆர். யூனிட்டில் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்).

இதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால், நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.2 காட்டினால் பாதிதான் மிச்சம். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பாருங்கள். பொதுவாக 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் போகவில்லை: ஃபியூஸ், வயர், எஞ்சின் ஓடும்போது கரன்ட் உண்டாக்கும் மேக்னட் காயில், ஆர்.ஆர். யூனிட் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால் உள்ளேயிருக்கும் தண்ணீர் கொதித்து வற்றும். எத்தனை புது பேட்டரி போட்டாலும் அதே கதிதான்.

"கிக்கர்லதான் ஸ்டார்ட் ஆகுதே, பேட்டரி எதுக்கு?" என்று மாதக்கணக்கில் ஓட்டுவதும் கெடுதல். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. பேட்டரியையே கழற்றிவிட்டு ஓட்டினால் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி, இண்டிகேட்டர் பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும்.

தண்ணீர் விடும் வகை பேட்டரியை வெயில் காலத்தில் மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் மட்டம் நிற்க வேண்டும். குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரிலும் குடிக்கும் கேன் தண்ணீரிலும் உப்புகள் உண்டு, அவை பேட்டரியைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். வற்றியது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

பக்கத்து மூடியைக் கழற்றும்போது ஒரு மெல்லிய குழாய் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். அதுதான் பிரீத்தர் பைப். எங்கள் வண்டியில் அதை பேட்டரி பட்டைக்கு அடியில் மடித்து நசுக்கி வைத்திருந்தார்கள். வாயு வெளியேற வழியில்லாமல் மூடிவழியே ஆசிட் கசிந்து, ஃபிரேமில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. பைப் மடங்காமல், செயினில் படாமல், நேராகக் கீழே இறங்க வேண்டும்.

புது பேட்டரியிலும் ஓர் அவசரம் நடக்கிறது. கடையில் ஆசிட் ஊற்றி, பத்தே நிமிஷத்தில் வண்டியில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். அரை மணி நேரமாவது ஆசிட் ஊறி, பிறகு மெதுவாக முதல் சார்ஜ் ஏற வேண்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டு வாருங்கள். சீல் செய்து வரும் பேட்டரிக்கு இந்த வேலை இல்லை.

சார்ஜ் போடும்போது கார் சார்ஜர் வேண்டாம். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரன்ட் என்பதே கணக்கு. கிக்கர் வண்டியின் 2.5 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதுதான் கொள்ளளவு) பேட்டரிக்குக் கால் ஆம்பியர் போதும். அதில் 5 ஆம்பியரைச் செலுத்தினால் சூடேறித் தகடு வளைந்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, நட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டும் பேட்டரிக்குள் போகக்கூடாது.

ஒரு மாதம் ஊருக்குப் போவதானால் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் வைத்த ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் அந்த நொடியே தீப்பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது.