கையில் கிடைத்த துப்பைக் காவல்துறையிடம் முறையாகச் சேர்ப்பது எப்படி?

எங்கள் தெருவில் ஒரு விடியற்காலையில், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். அரை மணி நேரத்திற்குள் அந்த சிசிடிவி காட்சி தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஏறி, மதியத்திற்குள் மதுரை முழுவதும் சுற்றி வந்துவிட்டது; ஆனால் அதன் மூலப் பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்பது மாலை வரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று நாங்கள் செய்யத் தவறியவற்றைப் புதியவர்களுக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: யாரிடம் சொல்வது

குற்றம் கண் முன்னே நடந்துகொண்டிருந்தால் 112 அல்லது 100ஐ அழையுங்கள். இணையவழியில் பணம் பறிபோனால் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கவேண்டும் என்பதால் இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். மதுரை மாநகரம் காவல் ஆணையரின் கீழும், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற ஊர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழும் வருகின்றன. எல்லை தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் கொடுக்கலாம், ஆனால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாம் படி: காட்சியை மூலவடிவில் எடுப்பது

பலரும் தவறுவது இங்கேதான். டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதிவுசெய்து வைக்கும் பெட்டி) திரையில் ஓடும் காட்சியைக் கைப்பேசியால் படம்பிடித்து அனுப்பினால், வண்டி எண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு மட்டுமே மிஞ்சும். பென் டிரைவில் நேரடியாகப் பதிவிறக்குங்கள். வட்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிடும் என்பதால் அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது. கைப்பேசியில் எடுத்த படம் என்றால், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அப்போதுதான் தெளிவு குறையாமலும், எடுத்த நேரம் போன்ற விவரங்கள் அழியாமலும் போய்ச்சேரும்.

அடுத்து, கடிகாரத்தைச் சரிபாருங்கள். அன்று மாலை எங்கள் தெரு மளிகைக்கடையில், என் கைப்பேசி 6.30 என்று காட்டியபோது டிவிஆர் திரையில் 6.13 என்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பதிவில் 5.48 என்று தெரிந்த பறிப்பு உண்மையில் நடந்தது 6.05க்கு. வாட்ஸ்அப்பில் வந்த காட்சியின் நேரத்தை நம்பி, அதையொட்டிய சில நிமிடங்களை மட்டுமே சிம்மக்கல் பக்கத்துக் கேமராக்களில் தேடிக்கொண்டிருந்த காவலர்களிடம், இந்த 17 நிமிட வித்தியாசத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தோம். நீங்களும் கைப்பேசி நேரத்தையும் டிவிஆர் நேரத்தையும் அருகருகே எழுதிக் கொடுங்கள். பின்னால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி கருவிக்குப் பொறுப்பானவர் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியிருக்கும். கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அப்போது அவர் பயப்பட மாட்டார்.

மூன்றாம் படி: சமூக ஊடகத்தில் கண்டதைச் சேமிப்பது

அரிவாளுடன் ஒருவர் போட்ட ரீல்ஸோ, திருட்டு வண்டியை விற்பதாக வந்த பதிவோ கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பெயரையும் முகப்புப் படத்தையும் நொடியில் மாற்றிவிடலாம். பதிவின் இணைப்பு, கணக்கின் பயனர் பெயர், நீங்கள் பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு யாருடையது என்று காவல்துறை அந்தச் சமூக ஊடக நிறுவனத்திடம் கேட்டு எழுதுவது இந்த விவரங்களை வைத்துத்தான். அந்தப் பதிவுக்குக் கீழே திட்டி எழுதி, போட்டவரை உஷார்ப்படுத்திவிடாதீர்கள்.

நான்காம் படி: கண்டதை மட்டும் எழுதுவது

"சிவப்புச் சட்டை, பின்னால் இருந்தவர் இடதுகையால் பறித்தார், வண்டி வடக்கு நோக்கிப் போனது" என்று எழுதுங்கள். "பார்த்தால் அந்தத் தெருப் பையன் மாதிரி இருக்கிறது" என்பது சந்தேகம். அதைச் சந்தேகம் என்றே தனியாகக் குறிப்பிட்டு அதிகாரியிடம் மட்டும் சொல்லுங்கள், குரூப்பில் அல்ல. 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில் எஃப்.பி.ஐ. சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டு மக்களிடம் உதவி கேட்டபோது, இணையத்தில் துப்பறியப் புகுந்தவர்கள் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவர்மேல் பழிபோட்டார்கள். நம் மாநிலத்திலேயே, 2018 மே மாதம், குழந்தை கடத்தல் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் கூட்டம் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. குற்றத்தைப் பற்றிய தகவல் யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் காவல்துறையின் எக்ஸ் அல்லது ஃபேஸ்புக் பக்கத்தில் பொதுவில் கருத்திட்டால் எல்லோருக்கும் தெரியும். நேரடிச் செய்தியாக அனுப்புங்கள், அல்லது நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். நீங்களே புகார்தாரர் என்றால் சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் ரசீது) கேட்டு வாங்கி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்சியை ஏற்கெனவே குரூப்பில் போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். மூலக் கோப்பை மட்டும், அதிகாரி போதும் என்று சொல்லும்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.